மணாலி – லே சாலையில் கூலன்ட் கசிவு

இமாசலப் பிரதேசத்தின் மணாலியையும் லடாக்கின் லே நகரத்தையும் இணைக்கும் மலைச்சாலை ஆண்டில் ஏறத்தாழப் பாதிக் காலமே திறந்திருக்கும். கோடையின் தொடக்கத்தில் பனியை வெட்டி வழிவிட்டபின் ஆரம்பிக்கும் போக்குவரத்து, அக்டோபர் கடந்ததும் மெல்ல அற்றுப்போகும். இந்தப் பருவத்தின் கடைசி வாரங்களில், அதாவது செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து, மோட்டார் சைக்கிளில் அதைக் கடக்க நினைப்பவர்களிடம் மூச்சுத்திணறல் பற்றியும் வழுக்கும் பனி பற்றியும் ஓடைக் கடப்புகள் பற்றியும் எல்லோரும் எச்சரிக்கிறார்கள். கூலன்ட் கசிவு பற்றி எச்சரிப்பவர்கள் குறைவு. சமவெளியில் அது ஒரு சில்லறைக் கோளாறு என்பதும், அடுத்த ஊர்ப் பட்டறையில் அரைமணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்பதும் இதற்குக் காரணமாகலாம். ஆனால் நான்காயிரம் மீட்டருக்கு மேலே, இரவில் உறைநிலைக்குக் கீழே இறங்கும் நிலத்தில், அந்தக் கோளாறின் இயல்பே மாறிவிடுகிறது. குளிர் கசிவைத் திறக்கிறது, என்ஜின் சூடு அதை மறைக்கிறது, உயரம் அதன் விளைவைப் பெருக்குகிறது. சமவெளியில் கற்ற கைவைத்தியங்களில் சில இங்கே நோயைக் கூட்டவும் செய்கின்றன.

கூலன்ட் எனப்படுவது என்ஜினைச் சுற்றியோடி அதன் வெப்பத்தை ரேடியேட்டருக்குக் கொண்டுசெல்லும் திரவம். நீருடன் எத்திலீன் கிளைக்கால் என்னும் இனிப்புச் சுவையுள்ள நச்சுச் சேர்மமும், துரு தடுக்கும் வேதிப்பொருள்களும் கலந்தது. இந்தச் சாலையின் பழைய கதைகளில் இந்தத் திரவத்துக்கு இடமே இல்லை. 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட், காற்றால் குளிரும் என்ஜின் கொண்டது. மலைப்பயணத்துக்கென்றே அதன் வழிவந்த நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஹிமாலயன் வண்டியும் காற்றாலும் எண்ணெயாலும் குளிர்ந்ததே. 2023இன் இறுதியில் வந்த 452 சிசி ஹிமாலயனில்தான் அந்த நிறுவனம் முதன்முதலாகத் திரவக் குளிர்ப்புக்கு மாறியது. பிற நிறுவனங்களின் பயண வண்டிகள் பல அதற்கு முன்பே மாறியிருந்தன. ஆகவே இன்று ரோத்தாங் மலையடியில் வரிசைகட்டி நிற்கும் வண்டிகளில் கணிசமானவை வயிற்றில் ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் கூலன்டைச் சுமந்து நிற்பவை. பழைய புல்லட்டுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இருந்ததில்லை என்று மூத்த பயணிகள் பெருமூச்சு விடுவது உண்மைதான். அதே மூத்தவர்கள் கணவாய் ஏற்றத்தில் என்ஜின் ஆறட்டும் என்று வழியோரம் காத்துக் கிடந்ததையும் சேர்த்துச் சொல்வது நியாயமாக இருக்கும்.

ஏறத்தாழ இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் மணாலியில் செய்யவேண்டிய முதல் வேலை, வண்டியில் இருப்பது எத்தகைய கலவை என்று அறிவது. நீரும் கிளைக்காலும் சரிபாதியாகச் சேர்ந்தால் உறைநிலை ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும். பயணப் பருவத்தில் இந்தச் சாலையின் எந்த இரவுக்கும் அது போதும். கிளைக்காலை இன்னும் கூட்டினால் இன்னும் பாதுகாப்பு என்று எண்ணுவது தவறு. கலப்பற்ற கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும், வெப்பத்தைச் சுமக்கும் திறனும் நீரைவிட அதற்குக் குறைவு. சிக்கல் மறுபக்கத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து ரயில் பார்சலில் தில்லிக்கோ சண்டிகருக்கோ அனுப்பப்படும் வண்டிகளில் பெட்ரோலை வடித்துவிட்டு ஏற்றுகிறார்களே தவிர, கூலன்ட் அப்படியே இருக்கும். உறைபனியையே அறியாத ஊர்களில் அது குறைந்தபோதெல்லாம் குழாய்நீரை ஊற்றி நிரப்பியிருந்தால், நிறம் பச்சையாகவே இருந்தும் உள்ளே கிளைக்கால் சொற்பமாகவே மிஞ்சியிருக்கும். நிறம் என்பது சாயம்தான். அது அடர்த்தியைக் காட்டாது. ஒளிவிலகல் மானி என்னும் சிறு கருவியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் உறைநிலையை நேரடியாகப் படித்துவிடலாம். அது கிடைக்காதவர், புறப்படுமுன்பே சொந்த ஊரில் ஒரு சிறு குப்பியில் கூலன்டை எடுத்து, நச்சு என்று எழுதி ஒட்டி, உணவுப் பொருள்களுக்கு எட்டாமல் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் ஓர் இரவு வைக்கலாம். மைனஸ் 18 டிகிரியை ஒட்டிய அந்த இடத்தில் கூழாகாமல் நிற்கும் கலவை, வழியில் பயணிகள் கூடாரங்களில் இரவு தங்கும் சார்ச்சுவிலும் பெரும்பாலும் நிற்கும்.

மணாலிக்கு அப்பால், 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் ரோத்தாங் கணவாயின் ஏற்றத்தை மிச்சப்படுத்தி லாஹூல் பள்ளத்தாக்கில் கொண்டுபோய் விடுகிறது. சந்திரா ஆறும் பாகா ஆறும் கூடிச் செனாபாகும் தாண்டியில், அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று அறிவித்த பலகையால் பெயர்பெற்ற பெட்ரோல் நிலையம் இருக்கிறது. பெட்ரோலுக்குச் சொன்ன அந்த எச்சரிக்கை, உதிரிபாகங்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். கேலாங்கைத் தாண்டினால் லேயின் சுற்றுவட்டாரம் வரை முறையான பட்டறை கிடையாது. எனவே கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ கழியும் முதல் இரவு, வண்டியைப் பொறுத்தவரை ஒரு பரிசோதனை இரவு. அங்கே வெளிப்படும் கோளாறோடு ஒரு மணி நேரத்தில் பட்டறைக்குத் திரும்பிவிடலாம், சார்ச்சுவில் வெளிப்படும் கோளாறோடு அப்படி முடியாது.

அந்தப் பரிசோதனையில் பலர் பார்க்கும் இடமும் தவறாக இருக்கிறது. ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. அதில் இரண்டு வால்வுகள் உண்டு. என்ஜின் சூடேறித் திரவம் விரியும்போது, அழுத்தம் ஒரு வரம்பை, பெரும்பாலும் 1.1 பார் அளவை, மீறியதும் முதல் வால்வு திறந்து உபரித் திரவத்தைப் பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் தொட்டிக்கு அனுப்பும். என்ஜின் ஆறித் திரவம் சுருங்கும்போது உள்ளே வெற்றிடம் தோன்றி, இரண்டாம் வால்வு வழியாக அதே திரவம் தொட்டியிலிருந்து திரும்ப உறிஞ்சப்படும். மூடியின் ரப்பர் வளையமோ ஒரு ஹோஸ் இணைப்போ தளர்ந்திருந்தால், அந்த உறிஞ்சலுக்குத் தொட்டித் திரவம் வருவதற்குப் பதிலாக வெளிக்காற்று எளிய வழியில் உள்ளே புகுந்துவிடும். குளிர் கூடக்கூட இரவுச் சுருக்கமும் கூடுவதால் இந்தக் காற்றுப் புகுதல் மலையில் மேலும் தெளிவாக நடக்கிறது. விளைவு விசித்திரமானது: தொட்டியில் அளவுக்கோடு வரை பச்சைத் திரவம் நிற்க, ரேடியேட்டர் காலியாகிக் கொண்டிருக்கும். காலையில் தொட்டியை எட்டிப்பார்த்துத் திருப்தியடைவது போதாது. என்ஜின் முற்றிலும் ஆறியிருக்கும் அந்த ஒரு வேளையில் மூடியையே திறந்து, திரவம் கழுத்துவரை நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். சூடாக இருக்கும்போது இதைச் செய்யவே கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே; வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும் உள்ளிருக்கும் நீராவிக்கு அது தெரியாது.

தார்ச்சாவிலிருந்து ஜிங்ஜிங்பார் வழியாக ஏறத்தாழ 4,890 மீட்டர் உயரமுள்ள பாராலாச்சா கணவாய்க்கு ஏறும் பகுதியில், குளிர்ந்த காற்றில் என்ஜின் எப்படிச் சூடாகும் என்ற கேள்வி இயல்பாக எழும். ஐந்தாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே அதே வேகத்தில் காற்று பாய்ந்தாலும், வெப்பத்தை எடுத்துச்செல்ல அங்கே அவ்வளவு காற்று இல்லை. அதே காரணத்தால் என்ஜினின் ஆற்றலும் குறைவதால், ஓட்டுபவர் முதலாம் இரண்டாம் கியர்களில் அதிகச் சுழற்சியுடனும் குறைந்த வேகத்துடனும் ஏறவேண்டியிருக்கிறது. பின்னாலிருந்து காற்றடித்தால் ரேடியேட்டருக்குக் கிடைக்கும் காற்று இன்னும் குறையும். பிற்பகலில் பனி உருகிப் பெருகும் ஓடைகளில் இறங்கும்போது, சூடான ரேடியேட்டரின் மேல் உறைநிலைக்குச் சற்றே மேலான நீர் அறைகிறது. அலுமினியக் குழல்களும் அவற்றின் ஓரங்களில் பிளாஸ்டிக் தொட்டியை இணைக்கும் ரப்பர்ப் பட்டையும் இந்தத் திடீர் மாற்றங்களில் ஏற்கெனவே இருந்த பலவீனத்தை வெளிக்காட்டக்கூடும். காலையில் சீக்கிரம் கிளம்புகிறவருக்கு ஓடைநீர் குறைவு, ஆனால் சாலைமேல் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் அதிகம். இரண்டில் எதைத் தேர்வது என்பதில் பயணிகளிடையே ஒருமித்த கருத்து இருந்ததில்லை.

பாராலாச்சாவைத் தாண்டி இறங்கினால் யூனம் ஆற்றங்கரைச் சமவெளியில் சார்ச்சு. இமாசலத்துக்கும் லடாக்குக்கும் எல்லையான இந்த இடம் ஏறத்தாழ 4,290 மீட்டர் உயரத்தில், காற்றுக்கு மறைப்பே இல்லாமல் திறந்துகிடக்கிறது. கூடாரங்களில் தங்குபவர்களில் பலருக்குத் தலைவலியால் தூக்கம் பிடிப்பதில்லை. குளிர்க்கசிவு என்று பட்டறைக்காரர்கள் குறிப்பிடுவது தன்னை முழுமையாகக் காட்டிக்கொள்ளும் இடமும் இதுவே. குளிர்க்கசிவு என்பது, என்ஜின் ஆறியிருக்கும்போது ஒழுகி, சூடானதும் தானே நின்றுவிடும் கசிவு. ரப்பர் ஹோஸ், அது மாட்டியிருக்கும் அலுமினியக் குழல், அதை இறுக்கும் எஃகு கிளிப் ஆகிய மூன்றும் குளிரில் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கும், ரப்பர் அவ்விரண்டையும்விடப் பல மடங்கும் சுருங்கும். புதிய ஹோஸ் தன் நெகிழ்வால் அந்த வேறுபாட்டை ஈடுகட்டிவிடும். சில ஆண்டுகள் கிளிப்புக்கடியில் அழுந்திக் கிடந்த ரப்பர் அந்த அழுந்திய வடிவத்திலேயே நிலைத்துவிடுவதால், குளிரில் விறைத்துச் சுருங்கியதும் மயிரிழை அளவு இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளி வழியே விடியுமுன் சில சொட்டுகள் விழும். என்ஜினை இயக்கிப் பத்து நிமிடத்தில் எல்லாம் விரிந்து அடைந்துகொள்ளும். ஒன்பது மணி வெயிலில் தரையிலிருந்த ஈரமும் மறைந்திருக்கும்.

எனவே தேடவேண்டியது சொட்டை அன்று, அது விட்டுச்சென்ற தடத்தை. நீர் ஆவியானாலும் கிளைக்கால் எளிதில் ஆவியாவதில்லை; கிளிப்பின் விளிம்பில் பசபசப்பாகவும், சூடான உலோகத்தின்மேல் வெண்பச்சைப் பொருக்காகவும் அது தங்கும். இரவில் வண்டிக்கடியில் ஒரு வெள்ளைக் காகிதமோ அட்டையோ விரித்து நான்கு கல்லை வைத்துவிட்டால், விடியலில் சொட்டு எந்தப் பாகத்துக்கு நேர்கீழே விழுந்தது என்று அது சொல்லிவிடும். கிளிப்பில்தான் கசிவு என்றால் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே திருகை ஒரு கால்சுற்று இறுக்கினால் பெரும்பாலும் போதும். விறைத்த ரப்பரை ஆத்திரத்தோடு இறுக்கினால் கிளிப்பின் விளிம்பே அதை அறுத்துவிடும், பிறகு ஒழுகுவது சொட்டாக இருக்காது. இன்னொரு சிறு விஷயமும் உண்டு: உறைநிலைக்குப் பல டிகிரி கீழே போயும் உறையாமல் திரவமாகவே நிற்பதால், வெறுங்கையில் படும் கூலன்ட், நீரைவிட விரைவாக விரல்களை மரக்கச் செய்யும். ரப்பர்க் கையுறை ஒன்று கருவிப்பையில் இருக்கவேண்டியது அழுக்குக்காக மட்டும் அன்று.

கிளிப்புகள் வறண்டிருந்து வாட்டர் பம்பின் அடியிலிருந்து சொட்டினால் செய்தி வேறு. பம்பின் தண்டில், கூலன்டைத் தடுக்க ஒரு மெக்கானிக்கல் சீலும் என்ஜின் எண்ணெயைத் தடுக்க ஓர் ஆயில் சீலும் இருக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே, எது தோற்றாலும் வெளியே காட்டிக்கொடுப்பதற்கென்றே ஒரு சிறு துளை விடப்பட்டிருக்கும். அந்தத் துளையில் பச்சைநீர் வந்தால் முதல் சீலும், எண்ணெய் வந்தால் இரண்டாம் சீலும் தேய்ந்துள்ளன என்று பொருள். இதைக் கோளாறென்று கருதி அந்தத் துளையை எம்-சீல் என்னும் எபாக்ஸிப் பசை வைத்து அடைத்துவிடும் புத்திசாலிகள் உண்டு. வெளியே போக வழியில்லாத கூலன்ட் அப்புறம் ஆயில் சீலைத் தாண்டி என்ஜின் எண்ணெயில் கலந்து, சொட்டுக் கசிவாக இருந்ததை என்ஜின் நாசமாக மாற்றிவிடும். துளையில் மெதுவாகச் சொட்டும் வண்டி, திரவ அளவைத் தவறாமல் பார்த்து நிரப்பிக்கொண்டே வந்தால், பெரும்பாலும் லே வரை வந்துவிடும். அடைத்த வண்டி வந்துசேர்வது லாரியில்தான்.

குளிர்நாட்டில் பொய் அறிகுறிகளும் அதிகம் என்பதால் பீதியும் வீண்செலவும் நேர்கின்றன. விடியலில் சைலன்சரிலிருந்து வெண்புகை எல்லா வண்டிக்கும் வரும். எரிதலில் உண்டாகும் நீராவி குளிர்காற்றில் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே. என்ஜின் நன்றாகச் சூடான பின்னும் அது நிற்காமல், இனிப்பான வாடையும் சேர்ந்து வந்தால்தான் கூலன்ட் எரி அறைக்குள் புகுகிறது என்று ஐயப்படவேண்டும். அதேபோல எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால் கலந்த காப்பி நிறத்தில் பசை ஒட்டியிருப்பதைக் கண்டு ஹெட் கேஸ்கெட் போய்விட்டதாகத் தீர்ப்புச் சொல்வார்கள். குளிரில் சிறு தூரமே ஓடிய என்ஜினில் ஈரம் படிந்து அந்த மூடியில் மட்டும் அப்படிப் பசை சேர்வது வழக்கம். பார்வைக் கண்ணாடியில் தெரியும் எண்ணெய் முழுவதுமே அந்த நிறத்துக்கு மாறி, அதன் அளவும் கூடியிருந்தால்தான் விபரீதம். அப்படியானால் என்ஜினை அதன்பின் இயக்கக் கூடாது.

சார்ச்சுவிலும் அதற்கு அப்பாலுள்ள பாங்கிலும் கூடாரங்களைச் சுற்றித் திரியும் நாய்கள் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். எத்திலீன் கிளைக்காலின் இனிப்பு நாய்களை ஈர்க்கும். அது உடலுக்குள் சிதைந்து உண்டாகும் ஆக்சலேட் படிகங்கள் சிறுநீரகத்தை அழிக்கும். ஒரு நாயைக் கொல்லச் சிறிதளவே போதும். மற்றெல்லா நீரும் உறைந்திருக்கும் விடியலில் உறையாமல் கிடக்கும் ஒரே குட்டை வண்டிக்கடியில் இருப்பது என்றால், அதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. வடித்த திரவத்தைப் பாட்டிலில் பிடித்து மூடி லே வரை கொண்டுபோவதும், தரையில் சிந்தியதன்மேல் மண்ணை வாரிப்போட்டு அந்த மண்ணை அள்ளி அகற்றுவதும் இந்தச் சாலையில் ஓட்டத் துணிந்தவர் கற்றுக்கொள்ளவேண்டிய குறைந்தபட்ச ஒழுக்கம்.

சார்ச்சுவுக்கு அப்பால் 21 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ 450 மீட்டர் உயரும் காட்டா வளைவுகளும், அதன்பின் நக்கீ லா, 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுங் லா ஆகிய கணவாய்களும் வருகின்றன. ஏற்கெனவே கசியும் வண்டிக்குப் பாங்க் வரையிலான இந்த எண்பது கிலோமீட்டர்தான் கடினமான பகுதி. சமவெளிக் கைவைத்தியங்கள் காலைவாருவதும் இங்கேதான். அவற்றில் மிகப் பழகியது, ரேடியேட்டர் மூடியை அதன் முதல் தடுப்பு வரை திருகித் தளர்த்தி வைத்து ஓட்டுவது: உள்ளே அழுத்தம் ஏறாததால் ஓட்டை வழியாகத் திரவம் பீறிடாது, சொட்டு சொட்டாகவே போகும். சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவே இது நல்ல யோசனை. ஆனால் மூடி காக்கும் அழுத்தம் என்பது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேற்பட்ட மிகை அழுத்தம், கடல்மட்டத்தில் 1.1 பார் மூடி வெறும் நீரைக்கூட ஏறத்தாழ 122 டிகிரி வரை கொதிக்கவிடாது, 5,300 மீட்டரில் அதே மூடி ஏறத்தாழ 114 டிகிரி வரைதான் காக்கும். மூடியைத் தளர்த்திவிட்டாலோ, ஏறத்தாழ 4,600 மீட்டர் உயரமுள்ள பாங்கில் நீர் 85 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். சரிபாதிக் கலவையும் 90ஐச் சற்றுத் தாண்டியதும் கொதிக்கும். ரேடியேட்டர் மின்விசிறி பல வண்டிகளில் 100 டிகிரியை ஒட்டித்தான் சுழலத் தொடங்கும். அதாவது விசிறி சுற்றுவதற்கு முன்பே கூலன்ட் கொதித்து வெளியேறிவிடும். எச்சரிக்கை விளக்கு எரியும்போது எச்சரிப்பதற்கு எதுவும் மிச்சமிருக்காது. கசிவு சிறிதென்றால் இந்த உயரத்தில் மூடியை இறுக்கி வைத்து, சொட்டுகளை இழந்தபடியே போய், அடிக்கடி நிறுத்தி ஆறவிட்டு நிரப்புவதே மேல்.

எதைக்கொண்டு நிரப்புவது என்பது அடுத்த கேள்வி. கலந்து வைத்த கூலன்ட் ஒரு லிட்டர் கையிருப்பில் இருந்தால் சிக்கலே இல்லை; அது தீர்ந்தபின் நீர்தான். ஓடைநீர் வண்டலும் தாதுக்களும் நிறைந்தது. உருக்கிய பனி அதைவிடத் தூயது. கூடாரக் கடைகளில் விற்கும் பாட்டில் நீர் கைக்கு எளிது. ஆனால் எந்த நீரானாலும் அது கிளைக்காலை நீர்க்கச் செய்வதை மறக்கக் கூடாது. 1.2 லிட்டர் கொள்ளளவுள்ள வண்டியில் சரிபாதிக் கலவை இருக்க, அரை லிட்டர் ஒழுகி அதை நீரால் நிரப்பினால் கிளைக்கால் 29 விழுக்காட்டுக்கு இறங்கும், உறைநிலை மைனஸ் 15 டிகிரியை ஒட்டி வந்துவிடும். மீண்டும் அரை லிட்டர் போய் மீண்டும் நீர் என்றால் 17 விழுக்காடு, ஏறத்தாழ மைனஸ் 7 டிகிரி. மூன்றாம் முறையில் மைனஸ் 4ஐ ஒட்டிவிடும். இரண்டு நிரப்பல்கள் வரை பொறுத்துக்கொள்ளும் வண்டி மூன்றாவதில் பாங்கின் இரவைத் தாங்காது என்பது எளிய கணக்கு. பகலில் வண்டி ஓடிவிட்ட மகிழ்ச்சியில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு.

கசிவுக்குக் காரணம் கல்லோ விழுதலோ என்றால் ஒட்டுவேலை தேவைப்படும். லாரிச் சக்கரம் எறியும் கல் ரேடியேட்டர்க் குழலைத் துளைப்பதும், நின்ற இடத்திலேயே சரியும் வண்டியின் ஹோஸ் முனை நெளிவதும் இங்கே சாதாரணம். ஹோஸில் விழுந்த கீறலுக்குத் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கோன் பட்டை மிகவும் ஏற்றது; ஈரத்தைத் துடைத்துவிட்டு, நன்றாக இழுத்துச் சுற்றினால் குளிரிலும் பிடிக்கும். உலோகத்துக்கு எம்-சீல் போன்ற எபாக்ஸிப் பசை உதவும், ஆனால் வெப்பநிலை பத்து டிகிரி குறையும்போது அது இறுகும் நேரம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஊரில் ஒரு மணி நேரத்தில் கல்லாகும் பசை, உறைநிலையில் மாலைவரை களிமண்ணாகவே இருக்கும். இரு பாகங்களையும் சட்டைக்குள் வைத்து உடற்சூட்டில் இளக்கிப் பிசைவதும், பூசியபின் வெந்நீர் பாட்டிலை அதனருகே அணைத்து வைப்பதும் பலன் தரும். லாரி ஓட்டுநர்களிடம் வழிவழியாக வரும் மஞ்சள்தூள் வைத்தியத்துக்கும் ஓர் இடம் உண்டு. நுண்துளையில் தூள் சேர்ந்து அடைத்துக்கொள்வது நடக்கக்கூடியதே. லாரி ரேடியேட்டரின் அகன்ற குழல்களுக்கு அது பெரிய கேடு செய்வதில்லை. மோட்டார் சைக்கிளின் ஒடுங்கிய குழல்களையும் தெர்மோஸ்டாட்டையும் சேர்த்தே அடைத்துவிடும் என்பதால், வேறு வழியே இல்லாதபோது சிட்டிகை அளவில் மட்டும் அதை நினைக்கலாம்.

பாங்கில் ராணுவ முகாமும் வரிசையாகப் பாராசூட் துணிக் கூடாரங்களும் இருக்கின்றன. சூடான சோறும் போர்வையும் கிடைக்கும், உதிரிபாகம் கிடைக்காது. கலவை நீர்த்துவிட்டதென்று தெரிந்தால் அந்த இரவுக்கு இரண்டே வழிகள். ஒன்று, வழியில் நிற்கும் லாரிகளில் கேட்டு அடர் கூலன்ட் பெறுவது. இந்தச் சாலையின் ஓட்டுநர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. நிறம் வேறான கூலன்டைக் கலப்பது வேதியியல்படி சரியன்று, சில வகைகள் கூடினால் கூழாகத் திரளும். ஆயினும் உறைந்து பிளக்கும் ஆபத்தோடு ஒப்பிட்டால் அது லேயில் கழுவிச் சரிசெய்யக்கூடிய தீமை. மற்றது, பழைய வண்டிக்காரர்கள் செய்ததைப் போல, என்ஜின் ஆறிய பின் பம்பின் அடியிலுள்ள வடிதிருகைக் கழற்றித் திரவம் முழுவதையும் பாத்திரத்தில் பிடித்து, கூடாரத்துக்குள் வைத்து, காலையில் இளஞ்சூட்டில் ஊற்றுவது. வடிக்காமல் விட்ட நீர் உறையும்போது பருமனில் ஒன்பது விழுக்காடு விரியும். ரேடியேட்டர்க் குழலோ பம்பின் வார்ப்புக் கூடோ அதற்கு ஈடுகொடுக்காது. காலையில் ஹோஸை அழுத்திப்பார்க்கும்போது உள்ளே நறநறத்தால் பனிக்கூழ் இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் என்ஜினை இயக்கினால் பம்பின் சுழலி உடையலாம். வெயில் ஏறும்வரை காத்திருப்பதும் வெந்நீரில் நனைத்த துணியைப் போர்த்துவதும்தான் மருந்து.

திரும்ப நிரப்பியபின் உள்ளே அடைபடும் காற்றை வெளியேற்றாமல் கிளம்புவதும் அடிக்கடி நேரும் தவறு. தெர்மோஸ்டாட் என்பது திரவம் சுமார் 80 டிகிரியை எட்டும்வரை ரேடியேட்டர் பாதையை மூடிவைக்கும் வால்வு. குளிரில் அது திறக்க நெடுநேரம் ஆவதால், நிரம்பிவிட்டதாகத் தோன்றும் வண்டி உண்மையில் பாதி காலியாக இருக்கும். முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தி, மூடியைத் திறந்தபடியே என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, ஹோஸ்களை அவ்வப்போது பிசைந்து, குமிழிகள் நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிவரவேண்டும். இதைத் தவறவிட்டவர்களுக்கு அடுத்துவரும் மோரே சமவெளி ஏமாற்றம் தரும். நாற்பது கிலோமீட்டர் நேர்ச்சாலையில் வேகம் கூடும்போது வெப்பமானி திடீரென்று இறங்கினால், காற்று குளிர்வித்துவிட்டது என்று மகிழத் தோன்றும். கூலன்ட் மட்டம் வெப்ப உணரிக்குக் கீழே போய், உணரி வெறும் காற்றை அளந்துகொண்டிருந்தாலும் முள் அப்படித்தான் இறங்கும். காரணமின்றி இறங்கும் முள்ளைக் கண்டால் உடனே நிறுத்தவேண்டும்.

5,328 மீட்டர் உயரத்து டாங்லாங் லாவுக்குப் பின் சாலை ரும்ட்சே, கியா கிராமங்கள் வழியே இறங்கி உப்ஷியில் சிந்து நதியை அடைகிறது. இறங்க இறங்கக் காற்று அடர்ந்து, கொதிநிலை உயர்ந்து, என்ஜின் சுமையும் குறைவதால், மேலே பாடாய்ப்படுத்திய வண்டி சாதுவாகிவிடும். 3,500 மீட்டரிலுள்ள லேயின் பட்டறைக்குப் பிற்பகலில் போய் நிற்கும்போது ஒரு சொட்டும் விழாது, மெக்கானிக்கும் கோளாறு எதுவும் இல்லை என்று அனுப்பிவிடக்கூடும். வண்டியை இரவு முழுதும் வெளியில் நிற்கவிட்டு, காலையில் என்ஜினை இயக்காமலேயே சோதிக்கச் சொல்வதுதான் முறை. ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு பொருத்தி மூடியில் குறித்துள்ள அழுத்தம் வரை ஏற்றிவிட்டுச் சில நிமிடங்கள் முள்ளைக் கவனித்தால், ஹோஸ், பம்பு, குழல் எதில் கசிந்தாலும் முள் இறங்கிக் காட்டிவிடும். அசையாமல் நின்றால் அதே பம்பில் மூடியைத் தனியே பொருத்திப் பார்க்கவேண்டும். ஏனெனில் வாயில் பம்பை மாட்டுவதற்காகக் கழற்றி ஓரமாக வைத்த அந்த மூடிதான் இந்தச் சோதனையில் சேராமல் தப்பிய ஒரே பாகம், விறைத்துப்போன அதன் ரப்பர் வளையத்தால்தான் பல வண்டிகள் கணவாய் தோறும் கூலன்டை இழந்து வந்திருக்கின்றன.